வலது வால் இலையின் துளை

கல்லடிக் கரையில் ஒரு படகின் எஞ்சினைக் கயிறு இழுத்து இழுத்துப் பார்த்தும் அது கிளம்பவில்லை என்றால், படகுக்காரன் அடுத்துச் செய்வது பிரதீஸுக்குப் போன் போடுவதுதான். பிரதீஸ் வருவான், வந்ததும் எஞ்சினைத் தொட மாட்டான். முதலில் படகுக்காரனுக்கு நாலு ஏச்சு. "உப்புத் தண்ணியில ஓடிப்போட்டு நல்ல தண்ணி ஊத்திக் கழுவினியா? சோத்தத் திண்டிட்டுக் கை கழுவுறாய்தானே, அதையும் கழுவு!" பிறகுதான் காதை எஞ்சினோடு வைப்பான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காது ஒரு காதுதான். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த நட்டு மிஞ்சி இறுகியிருக்கிறது என்று திறந்து பார்க்காமலே சொல்லுவான். பத்துக்கு ஒன்பது சரியாயிருக்கும். பிழையாய்ப் போகிற அந்த ஒன்றைப் பற்றி அவனோடு யாரும் கதைக்க முடியாது.

படகு வேலை அவனுக்கு ஒரு பாடத்தைப் படிப்பித்திருந்தது: இறுக்கம் ஆகாது. சுக்கானுக்குப் போகிற கம்பியில் கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும். அலை அடித்தால் அந்த ஆட்டம் அடியை வாங்கிக்கொள்ளும். நெருக்கிப் பூட்டினால் அடி முழுதும் ஓட்டுகிறவனின் மணிக்கட்டில் இறங்கும், இல்லையென்றால் கம்பி முறியும். இதை அவன் படகோடு நிறுத்தவில்லை என்பதுதான் கரைச்சல். மனைவி வதனி மகனைப் படி படி என்று நெருக்கினாலும், "கொஞ்சம் ஆட்டம் விடு புள்ள" என்பான். "உங்களுக்கு விட்ட ஆட்டம் காணும்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

ஓட்டமாவடி றமீஸ் அவனிடம் வந்து சேர்ந்ததும் ஒரு எஞ்சினால்தான். றமீஸ் வருஷக்கணக்காகக் கட்டாரில் இருந்தவன். அங்கே பணக்கார அறபிகள் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் பெரிய மாதிரி விமானங்களைக் கட்டுவதும் திருத்துவதும் அவன் வேலை. மாதிரி என்றதும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். சிறகில் இரண்டு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். மூக்கில் பெற்றோல் எஞ்சின். தலையில் விழுந்தால் மாடும் தப்பாது.

லீவில் வந்த றமீஸ் திரும்பிப் போக மாட்டேன் என்று நின்றதற்குக் காரணம் அவன் மகள் இன்ஷிரா. வாப்பாவைப் போன் திரையில் பார்த்தே வளர்ந்த பிள்ளை. அவன் வீட்டுக்கு வந்த முதல் கிழமை, பக்கத்து அறையில் இருந்த வாப்பாவுக்கு உம்மாவின் போனில் கோல் எடுத்துத்தான் கதைத்தாள். நேரே பார்க்க வெட்கமாம். றமீஸ் சிரித்துக்கொண்டே கதைத்துவிட்டு, போனை வைத்த பிறகு அழுதானாம். இதைப் பிரதீஸிடம் சொன்னபோதும் அழுதான்.

ஆகவே ஒரு யோசனை. கொழும்பில் நிலம் அளக்கும் ஒரு கொம்பனி, வாவியையும் கண்டல் காடுகளையும் மேலேயிருந்து படம் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. சின்ன ட்ரோன்களின் பெட்டறி வாவியின் நீளத்துக்குத் தாங்காது. பெற்றோலில் ஓடும் பெரிய விமானம் தாங்கும். "கட்டிக் காட்டுங்க, பறந்து காட்டுங்க, பிறகு பாப்பம்" என்று கொம்பனி சொல்லிவிட்டது. பறந்தால் றமீஸுக்கு ஊரிலேயே வேலை. பறக்காவிட்டால் வியாழக்கிழமை கட்டார். விசாவும் ரிக்கற்றும் வந்தாகிவிட்டது. றமீஸின் மனைவி பஹீமா அவன் பேக்கை அடுக்கவும் இல்லை, அடுக்காமல் விடவும் இல்லை. வாயைத் திறந்தபடி கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள்.

விமானத்தைக் கட்டியது கரையில் பிரதீஸ் வேலை செய்யும் கொட்டிலில், அவன் வாடியில். எஞ்சின் பிரதீஸின் பொறுப்பு, மற்றதெல்லாம் றமீஸ். சண்டை வந்தது சேர்வோவில். சேர்வோ என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. உள்ளே ஒரு குட்டி மோட்டர், வெளியே ஒரு சின்னக் கை. நிலத்தில் நிற்கிறவன் றிமோட்டில் விரலை அசைத்தால் அந்தக் கை அசையும். கையில் கோத்த கம்பி விமானத்தின் இலையை, அதாவது ஓரத்தில் மடங்கி அசையும் தகட்டை, தள்ளும், இழுக்கும். வாலின் இரண்டு பக்கமும் உள்ள இலைகள் எழும்பினால் விமானம் ஏறும், தாழ்ந்தால் இறங்கும். பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை.

"எல்லாத்தையும் எஞ்சினுக்குப் பின்னால வை. வாலுக்கு ஒரு நீளக் கம்பி விடு" என்றான் பிரதீஸ். "படகுல நாங்க அப்பிடித்தானே செய்யிற?"

"நீளக் கம்பி நெளியும் மச்சான். வெயிலுக்கு நீளும். நீ இங்க தள்ளுவாய், அங்க இலை சும்மா இரிக்கும். பெட்டிய வாலுக்குள்ளயே வைப்பம். ஒரு விரல் நீளக் கம்பி காணும்."

"வால் பாரமாகிக் குந்திரும்டா!"

"பெட்டறிய மூக்குக்குத் தள்ளினாச் சரி."

"சரி, அப்ப ஒரு பெட்டி காணும்தானே? என்னத்துக்கு ரெண்டு?"

"இடது இலைக்கு ஒண்டு, வலது இலைக்கு ஒண்டு. ஒண்டு செத்தா மத்தது வீட்ட கொண்டு வரும்."

றமீஸ் சொன்னபடியே நடந்தது. பெட்டிகளை வாலில் இருத்தி, கம்பிகளைக் கோத்து, இலைகளில் கம்பி மாட்டும் துளைகளில் ஊசிகளை நெருக்கமாக இறக்கினான். ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பார்த்து, அசையாதபோது தலையாட்டினான். பிரதீஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவனிடம் இல்லை.

பறப்புக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. றமீஸ் ஜும்ஆத் தொழுகைக்குக் காத்தான்குடிக்குப் போயிருந்தான். வாடியில் தனியே இருந்த பிரதீஸ், பார்ப்போமே என்று விமானத்தின் சுவிட்சைப் போட்டான். வாலிலிருந்து ஒரு சத்தம். நுளம்பு காதுக்குள் புகுந்தது போல, விடாமல் ஒரு ரீங்காரம். வலப்பக்கப் பெட்டிதான். பிரதீஸ் காதை வைத்தான். முனகுகிறது. எஞ்சின் முனகினால் என்ன அர்த்தம்? எங்கேயோ இறுக்கம். இது கல்லடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாவம், நாளைக்கு இது சூடேறிச் செத்தால் றமீஸின் பிழைப்பில் மண் என்று அவன் உண்மையாகவே பதறினான். ஊசியைக் கழற்றினான். துளையில் ஒரு அளவு பெரிய துறப்பணத்தை ஓட்டினான். கொஞ்சம் கிறீஸ் வைத்து ஊசியை மறுபடி போட்டான். ரீங்காரம் நின்றது. இலையைத் தொட்டுப் பார்த்தான். வெண்ணெய் மாதிரிப் போய்வந்தது. இடது பக்கம் முனகவில்லை, அதைத் தொடவில்லை. நல்ல வேலை செய்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு தேத்தண்ணி குடித்தான்.

றமீஸ் திரும்பி வந்தபோது கையில் பிரியாணிப் பார்சல். சாப்பாடும் பகிடியுமாக நேரம் போனது. செய்ததைச் சொல்ல வேண்டும் என்று பிரதீஸுக்குத் தோன்றவில்லை. ஒரு ஊசியைத் தளர்த்தியதையெல்லாம் ஊர்கூட்டிச் சொல்வார்களா?

சனிக்கிழமை காலை, ஓட்டமாவடிக்கு அங்காலே அறுவடை முடிந்த வயல் வட்டையில் விமானத்தை இறக்கினார்கள். பொலிஸ் அனுமதி, விமானப் போக்குவரத்துப் பகுதி அனுமதி எல்லாம் கையில். சேதி காற்றை விட வேகமாகப் பரவியிருந்தது. வாய்க்கால் வரம்பு நெடுகச் சனம். கொம்பனியிலிருந்து வந்தவர் பெயர் வினாயகமூர்த்தி. வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியும். சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த முகம்.

றமீஸ் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சிறகைப் பிடித்து அசைத்தான். சக்கரச் சில்லை உதைத்தான். இடது வால் இலையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. வலது பக்கம் போகத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து வினாயகமூர்த்தி கூப்பிட்டார்.

"தம்பி, சுணங்குது. எனக்குப் பின்னேரம் கொழும்பில நிக்க வேணும்."

"நீ போ. வலது நான் நேத்தே பாத்திட்டன். சோக்கா இரிக்கு" என்றான் பிரதீஸ்.

"பாத்தியா?"

"ஓம் எண்டு சொல்லுறன்தானே."

றமீஸ் அவன் தோளில் தட்டிவிட்டு றிமோட்டை எடுக்கப் போனான்.

"பிஸ்மில்லாஹ்" என்று றமீஸின் வாய் முணுமுணுத்தது. விமானம் அறுத்த நெல்லின் அரிதாள் கட்டைகளுக்கு மேலே குதித்துக் குதித்து ஓடி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. வரம்பிலிருந்து சனம் கூ என்று கத்தியது. எஞ்சின் சத்தம் பிரதீஸின் காதுக்குத் தேனாயிருந்தது. கச்சான் காற்று எதிரே வந்தும் விமானம் கோடு கிழித்த மாதிரி நேரே போனது. வினாயகமூர்த்திகூடக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு பெரிய சாமான் என்னத்தால விழும் தம்பி? எஞ்சின் நிண்டாலா?"

றமீஸ் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னான். "எஞ்சின் நிண்டாப் பரவால்ல சேர், மிதந்து வரும். ஆட்டம்தான் விழுத்துற. கம்பி மாட்டுற துளையில ஒரு மயிரளவு ஆட்டம் இரிந்தாலும் காணும். மெதுவாப் போகக்குள்ள ஒண்டும் தெரியா. வேகம் ஏறினா இலை நடுங்கத் தொடங்கும். தொடங்கினா நிக்காது. கையத் தட்டி முடிக்க முதல் வால் பிஞ்சி போயிரும்."

"உங்கடதில ஆட்டம் இல்லையா?"

"இல்ல சேர். ரெண்டு பேரும் பாத்திரிக்கம்."

பிரதீஸின் கண் விமானத்தின் வலது வாலுக்குப் போனது. துறப்பணம் சுழன்றது கண்ணுக்குள் வந்தது. துருவல் விழுந்தது வந்தது. ஊசி வெண்ணெய் மாதிரி இறங்கியது வந்தது. மயிரளவா? அவன் விட்ட ஆட்டத்துக்குள் ஒரு கொத்து மயிர் போகும்.

"நல்லது. இனி வேகமா ஒருக்கா விடுங்க பாப்பம்" என்றார் வினாயகமூர்த்தி. "காத்துக்கு எதிராக எவ்வளவு வேகம் போகும் எண்டு எனக்கு எழுத வேணும்."

"செய்வம் சேர்." றமீஸ் விமானத்தை வட்டையின் கோடிக்குத் திருப்பினான். அங்கிருந்து கிறுகி, வரம்பின் ஓரமாக, சனத்துக்கு முன்னால் அது வேகமாக வரப்போகிறது.

இப்போது சொல்ல வேண்டும். பிரதீஸ் வாயைத் திறந்தான். மூடினான். என்ன என்று சொல்வது? இந்த மனுஷனுக்கு முன்னால், நான் சொல்லாமல் துளையைப் பெருப்பித்துவிட்டேன், பார்த்தேன் என்று பொய்யும் சொன்னேன் என்றா? சொன்ன அந்தக் கணமே எல்லாம் முடிந்தது. வியாழக்கிழமை றமீஸ் கட்டார். சொல்லாவிட்டால் ஒருவேளை தாங்கும். ஒரு ஓட்டம்தானே? படகில் எத்தனை கம்பி எத்தனை ஆட்டத்தோடு ஓடுகிறது! தாங்கும். தாங்காவிட்டால்? அவன் வரம்பைப் பார்த்தான். ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் வைத்து மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

கெட்டித்தனம் என்று நாலு ஊருக்குப் பேர் எடுத்தவன், அந்த இடத்தில் மரம் மாதிரி நின்றான். அதை மறைத்து என்ன? வெட்கம்தான் அவன் வாயைப் பொத்தியது, வேறொன்றும் இல்லை.

விமானம் திரும்பியது. றமீஸின் பெருவிரல் முன்னே போனது. எஞ்சின் குரல் உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது. வட்டைக்கு மேலே அது தாழ இறங்கி விரைந்து வந்தது. அப்போதுதான் பிரதீஸின் காது அதைப் பிடித்தது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். தகரத்தில் மழை விழத் தொடங்குவது போல, படபடவென்று. வேறு யாருக்கும் கேட்கவில்லை. றமீஸுக்கும் கேட்கவில்லை.

"றமீஸ்! வேகத்தக் குறை!" பிரதீஸின் கத்தல் வட்டை முழுதும் கேட்டது. "வலது வால்! துளைய நான் பெருப்பிச்சிட்டன்டா! குறை! குறை!"

றமீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவன் பெருவிரல் ஒரே இழுவையில் கீழே வந்தது. எஞ்சின் அடங்கியது. படபடப்பு இப்போது எல்லாருக்கும் கேட்டது. பட் என்று ஒரு முறிவு. வலது இலை கம்பியை விட்டு, முறிந்த கோழிச் சிறகு மாதிரித் தொங்கியது. விமானம் மூக்கைக் குத்தி வரம்பை நோக்கிச் சாய்ந்தது.

"சனத்தைப் படுக்கச் சொல்லு!" என்று றமீஸ் கத்தினான்.

பிரதீஸ் ஓடினான். "படுங்க! எல்லாரும் படுங்க!" கால் அரிதாளில் சிக்க விழுந்து எழும்பி, மறுபடி கத்திக்கொண்டு ஓடினான். அவனுக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டான். கூப்பிடக்கூட வாய் கூசியது. வரம்பில் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராக வாய்க்காலுக்குள் குதித்தார்கள்.

றமீஸ் மிச்சமிருந்த இடது இலையை மட்டும் வைத்து மூக்கைத் தூக்கினான். விமானம் கேட்க மாட்டேன் என்றது. பிறகு கொஞ்சம் கேட்டது. வாய்க்காலுக்கு மேலே ஆள் உயரத்தில் நிழல் விழுத்திக்கொண்டு போய், நொண்டி நொண்டி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, அரிதாளில் தொப்பென்று இறங்கியது. ஒரு வரம்பில் மோதி, இடது சில்லு கழன்று உருண்டு போனது. எஞ்சின் நின்றது. வாய்க்காலுக்குள் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. பயத்தில் அழுகிற அழுகைதான், காயம் இல்லை.

பிரதீஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது றமீஸ் வாலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். வலது துளைக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன்டா எனக்குச் சொல்லல்ல?"

"முனகிச்சு. இறுக்கம் எண்டு நெனச்சன். சொல்லத் தேவையில்ல எண்டு..."

"அது இறுக்கம் இல்லடா. அது இலையப் பிடிச்சிக்கொண்டு நிக்கிற சத்தம். அதுக்குத்தான் அது இரிக்கிற!" றமீஸ் விரலைத் துளையிலிருந்து இழுத்தான். "காலையில கேட்டனே. பாத்தியா எண்டு கேட்டனே. என்ட புள்ள அங்க வீட்டுல..." எழும்பி அப்பால் போனான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை ஊருலகத்தில் புதிதில்லை. ஆனால் பிடித்தவனுக்கு அது ஒவ்வொரு முறையும் புதிதுதான். பிரதீஸ் விமானத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான். றமீஸ் அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைத்தான்.

வினாயகமூர்த்தி வரம்புகளைத் தாண்டி மெல்ல வந்தார். வாலைக் குனிந்து பார்த்தார். தொங்கிய இலையைப் பார்த்தார். மற்ற இலையை விரலால் ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை.

"இது தனிப் பெட்டியிலயா ஓடுது?"

"ஓம் சேர்" என்றான் றமீஸ். "ஒவ்வொண்டுக்கும் தனித்தனி. ஒண்டு போனாலும் மத்தது நிக்கும்."

"அரை வாலோட திரும்பி வந்த சாமானை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். முழு வாலோட வந்து விழுந்ததுகள் எத்தினையோ பாத்திருக்கிறன்." அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "திருத்திப்போட்டு இன்னொருக்காப் பறந்து காட்டுங்க. வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒண்டு. சொல்லாமக் கை வைக்கிற ஆள் இனி இந்த விமானத்தைத் தொடக்கூடாது. வாவிக்கு மேல பறக்கக்குள்ள கீழ தோணியில வலை வீசுற சனம் இருக்கு. இதுக்குச் சம்மதம் எண்டாத்தான் மற்றதெல்லாம்."

பிரதீஸ் றமீஸைப் பார்த்தான். ஒரு சொல் சொல்லுவான் என்று எதிர்பார்த்தான். இவனும் நானும் சேர்ந்துதான் கட்டினோம் சேர், எஞ்சின் முழுதும் இவனுடைய வேலை, கடைசியில் கத்தியதும் இவன்தான், இப்படி ஏதாவது. மனது இருக்கிறதே, குற்றம் செய்த பிறகும் அது கேட்கிறதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

"ஓம் சேர். சம்மதம்" என்றான் றமீஸ். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. பிரதீஸின் பக்கம் பார்க்கவும் இல்லை.

நியாயம்தான். பிரதீஸ் அவன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். ஆனாலும் நெஞ்சில் ஆணி இறங்கினது போல வலித்தது.

றமீஸ் போனை எடுத்தான். "பஹீமா, நான் போகல்ல. விளங்குதா? போகல்ல. அந்த பேக்கை மூடி மேல வை." அந்தப் பக்கம் ஏதோ கேட்டாள். "ஓம், ஓம், விழல்ல. புள்ளகிட்டக் குடு." போனிலிருந்து இன்ஷிராவின் கத்தல் வட்டைக்கே கேட்டது: "வாப்பா, மெய்யாலுமா? சத்தியமா?" றமீஸ் வரம்பில் குந்தி, முகத்தைச் சேட்டால் மூடிக்கொண்டு அழுதான். பிரதீஸுக்கும் கண் நிறைந்தது. அது சந்தோஷம்தான், சந்தேகமில்லை. அதற்குள் மற்றதும் கலந்திருந்தது.

சும்மா நிற்க முடியாமல் அவன் கழன்று போன சில்லைத் தேடிப் போனான். வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் கிடந்தது. எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு விமானத்துக்குக் கிட்ட வந்தான். அச்சில் மாட்டக் குனிந்தான். குனிந்த இடத்திலேயே நின்றான். சில்லை வரம்பில் வைத்தான். இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

றமீஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வினாயகமூர்த்தி தன் வாகனத்தடிக்குப் போய்விட்டார். பார்ப்பதற்கு வேறு யாரும் இல்லை.

"மாட்டு மச்சான். ஒரு சில்லுத்தானே" என்றான் றமீஸ்.

"நீ அவருக்கு வாக்குக் குடுத்திட்டாய்."

றமீஸ் எழும்பி வந்து பிரதீஸின் முன்னால் நின்றான். "நாளைக்கு வீட்ட வா. பஹீமா ஆக்குவா. நீ வராட்டி அவ என்னைத்தான் ஏசுவா."

"வாறன்" என்றான் பிரதீஸ். "வதனியையும் கூட்டிக்கொண்டு வாறன்."

றமீஸ் குனிந்து சில்லைத் தானே எடுத்து மாட்டத் தொடங்கினான். முதல் தரம் அச்சு பொருந்தவில்லை, இரண்டாம் தரமும் பொருந்தவில்லை. எங்கே பிழை என்று பிரதீஸ் நின்ற இடத்திலேயே கண்டுவிட்டான்.

"றமீஸ், ஒண்டு சொல்லட்டா?" என்று கேட்டான்.